‘அடங்கிப் போனேன்’ என்பதற்கு ஆங்கிலம்

நான் ஓய்வு பெற்ற அன்று எனக்குச் சால்வை போர்த்திய அதிகாரி, "அமலா மேடம் அதிர்ந்து பேசாதவர், அடக்கமே உருவானவர்" என்று ஒலிபெருக்கியில் சொன்னார். அவர் மாற்றலாகி வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. யாரோ எழுதிக் கொடுத்ததை வாசித்தார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் நன்றி சொல்வதற்காக ஒலிபெருக்கி என் கைக்கு வந்ததும் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

"சார், நான் சாந்தோம் கத்தோலிக்கக் குடும்பத்துப் பொண்ணு. எங்க கோயில் போர்டுல அடக்கம்னு எழுதியிருந்தா யாரோ செத்துப் போயிட்டாங்கன்னு அர்த்தம். எனக்கு இன்னும் அந்த நேரம் வரலை" என்றேன்.

கூடத்தில் சிரித்தார்கள். வேடிக்கைக்குச் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டார்கள். என்னோடு பல வருடம் ஒரே மேசையில் வேலை பார்த்த பஷீர் மட்டும் சிரிக்கவில்லை. அந்தச் சொல்லோடு எனக்கு இருந்த சண்டை அவருக்குத் தெரியும்.

போன மாதம் எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஷர்மிளா என்ற பெண் எனக்குப் போன் செய்தாள். இப்போதெல்லாம் சாட்சி சொன்னதைக் கணினியில் ஏற்றினால் அதுவே ஆங்கிலமாக்கித் தந்துவிடுகிறதாம். ஆள் ஒரு தடவை படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் போதுமாம்.

"மேடம், ஒரு சாட்சி ‘அடங்கிப் போனேன்’னு சொல்லியிருக்காங்க. மெஷின் ‘ஐ கம்ப்ளைடு’, அதாவது இணங்கினேன்னு போடுது. எனக்கு என்னமோ இடிக்குது. கேட்டா எல்லாரும் விட்டுடுங்கறாங்க. பஷீர் சார்தான் உங்களுக்கு போன் பண்ணச் சொன்னார்."

விடாதே என்று சொன்னேன். ஏன் என்று போனில் சொல்லி முடிக்க முடியவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். நீதிமன்றத்தின் பெயரையும் கடையின் பெயரையும் எழுதப் போவதில்லை. அந்தப் பெண்ணின் பெயரையும் மாற்றி மல்லிகா என்று வைத்துக்கொள்கிறேன்.

நான் வேலைக்கு வந்த கதையில் சொல்வதற்கு அதிகமில்லை. பட்டப்படிப்பு, தட்டச்சு, அரசுத் தேர்வு, நீதிமன்ற நகல் பிரிவில் சில வருடங்கள், பிறகு துறைத் தேர்வு எழுதி மொழிபெயர்ப்புப் பிரிவு. இதற்கிடையில் கல்யாணம், இரண்டு பிள்ளைகள், லஸ்ஸில் தினமும் நெரிசலில் பஸ் ஏறியது. அதெல்லாம் எல்லாருக்கும் இருக்கும் கதை.

எங்கள் பிரிவு என்ன செய்தது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கீழ்க் கோர்ட்டில் சாட்சி தமிழில் சொல்வது தமிழிலேயே பதிவாகும். வழக்கு மேலே போகும்போது அங்கே இருக்கும் நீதிபதி வேறு மாநிலத்துக்காரராக இருக்கலாம். அவருக்குத் தமிழ் தெரியாது. அதனால் மேல்முறையீடு செய்கிறவரின் வக்கீல், தேவையான பக்கங்களை வெளியில் கொடுத்து ஆங்கிலமாக்கிக் கொண்டுவருவார். அது சரியான மொழிபெயர்ப்புதான் என்று நாங்கள் ஒப்பிட்டுப் பார்த்துச் சான்று கொடுக்க வேண்டும். எங்கள் கையெழுத்து இருந்தால்தான் அது நீதிபதியின் கண்ணுக்குத் தமிழ்.

ஒப்பிடுவதற்கு, ஆபீஸ் பேச்சில் ‘கம்பேர்’ பண்ணுவதற்கு, இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தமிழ் மூலத்தை வாய்விட்டுப் படிப்பார். மற்றவர் சிவப்புப் பென்சிலோடு ஆங்கிலத்தைப் பின்தொடர்வார். பஷீர் படிப்பார், நான் பார்ப்பேன். திருவல்லிக்கேணியில் மேன்ஷன் அறையில் வருடக்கணக்காகத் தனியாக இருந்த மனிதர் அவர். அங்கே பேசாத பேச்சையெல்லாம் சேர்த்துவைத்தாற்போல் இங்கே கணீரென்று படிப்பார். கமா வந்தால் "கமா" என்பார். மூலத்தில் எழுத்துப் பிழை இருந்தால் அதைப் பிழையோடேயே உச்சரிப்பார். கொலை வழக்கில் சாட்சி அழுதார் என்று அடைப்புக்குறிக்குள் இருந்தால் "அடைப்பு, சாட்சி அழுதார், அடைப்பு" என்று அதே குரலில் சொல்வார். ஆரம்பத்தில் அது எனக்குக் குரூரமாகத் தெரிந்தது. பிறகு புரிந்தது. அவர் குரலில் எதையும் கூட்டினால் நான் ஆங்கிலத்தில் அதைத் தேட ஆரம்பித்துவிடுவேன்.

எங்களுக்கு மேலே தலைமை மொழிபெயர்ப்பாளர் வைத்தியநாதன் சார். மயிலாப்பூர்க்காரர். வீட்டிலிருந்து பிளாஸ்கில் காபி கொண்டுவருவார், கேன்டீன் பக்கம் போக மாட்டார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. தவறு கண்டுபிடித்தால் காகிதத்தின் மேல் இரண்டு விரலை வைத்துவிட்டுச் சும்மா நிற்பார். நாமே பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும்.

வேலையை எனக்குக் கற்றுக் கொடுத்தவர் அவர்தான், அதை மறைப்பதற்கில்லை. ஒரு சொத்து வழக்கில் ‘சித்தப்பா’ என்பதை வெளியாள் ‘அங்கிள்’ என்று போட்டிருந்தார். நானும் விட்டிருந்தேன். வைத்தியநாதன் சாரின் இரண்டு விரல்களும் அங்கே வந்து நின்றன. "இவாளுக்கு அங்கிள்னா மாமாவும் அங்கிள், பக்கத்தாத்துக்காரரும் அங்கிள். சொத்துல பங்கு யாருக்குன்னு ஜட்ஜ் எப்படித் தெரிஞ்சுப்பார்? ‘தகப்பனாருடைய தம்பி’ன்னு போடு. நீளமா இருந்தா இருந்துட்டுப் போகட்டும்" என்றார். அந்தக் கட்டு முழுவதையும் திருப்பி அனுப்பினார். வக்கீல் வந்து கத்தினார். சார் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு இன்னொரு பக்கமும் இருந்தது. பிரிவுக்குள் அவர் யாருக்கும் உத்தரவு போட்டதே கிடையாது. "மேலேர்ந்து கேக்கறா" என்பார். சனிக்கிழமை வரச் சொல்வதானாலும், யாரையாவது வேறு மேசைக்கு மாற்றுவதானாலும் மேலேர்ந்து கேக்கறா. மேலே யார் என்று நாங்கள் கேட்டதில்லை. அவரும் ஒருநாளும் மேலே கேட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

இனி மல்லிகாவின் வழக்கு.

மல்லிகா சைதாப்பேட்டைக்காரர். தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் விற்பனைப் பெண். ஒரு பட்டுப்புடவை காணவில்லை என்று தளத்து மேற்பார்வையாளர் அவரைச் சந்தேகப்பட்டு, சரக்கு அறைக்குக் கூட்டிப் போய்க் கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். மதியம் தொடங்கி இருட்டும்வரை உள்ளே வைத்திருந்தார். ஒப்புக்கொள், எழுதிக் கொடு என்று அதட்டிக்கொண்டே இருந்தார். புடவை அன்று மாலையே வேறு அடுக்கில் கிடைத்துவிட்டது. அதன் பிறகும் உடனே திறந்துவிடவில்லை. மல்லிகா புகார் கொடுத்தார். அந்த மாதிரிக் கடையில் வேலை செய்கிறவர்கள் புகார் கொடுப்பது அபூர்வம். கொடுத்தார், கடைசிவரை நின்றார். கீழ்க் கோர்ட்டில், அடைத்து வைத்த குற்றத்துக்காக மேற்பார்வையாளருக்குத் தண்டனை கிடைத்தது. கடை முதலாளி அவருக்குப் பெரிய வக்கீலாக வைத்து மேலே கொண்டுபோனார்.

மேலே அவர்கள் வைத்த வாதம் இதுதான்: அந்தப் பெண்ணை யாரும் அடைத்து வைக்கவில்லை, விசாரணைக்கு ஒத்துழைத்து அவராகவே அங்கே இருந்தார். அதற்கு ஆதாரம் அவருடைய வாயிலிருந்தே வந்தது என்றார்கள். மொழிபெயர்ப்பில் இருந்த ஒரு வரி.

பஷீர் தமிழைப் படித்தார். "மொதல்ல கத்தினேன் முற்றுப்புள்ளி அப்பால அடங்கிப் பூட்டேன் முற்றுப்புள்ளி." பதிவு செய்த குமாஸ்தா நல்லவர், மல்லிகாவின் பேச்சைத் திருத்தாமல் அப்படியே எழுதியிருந்தார்; அவர் பேச்சில் ‘பூட்டேன்’ என்றால் போனேன். என் பென்சிலுக்குக் கீழே ஆங்கிலம் இருந்தது. முதலில் சத்தம் போட்டேன், அதன் பிறகு இணங்கி அங்கேயே இருந்தேன் என்று பொருள்படும் ஆங்கிலம். ‘கம்ப்ளைடு அண்டு ரிமெய்ன்டு’.

"இன்னொரு தடவை படிங்க" என்றேன். படித்தார். ‘அங்கேயே இருந்தேன்’ மூலத்தில் எங்குமே இல்லை. அதை அடித்துவிடலாம், சுலபம். ‘கம்ப்ளைடு’ தான் சிக்கல். அகராதியைத் திறந்தால் அடங்குதலுக்குக் கீழ்ப்படிதல் என்றும் போட்டிருக்கும். சொல்லளவில் தவறு என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்த வரியைக் காதால் கேட்ட எந்தத் தமிழருக்கும் அது பொய் என்று தெரியும்.

பஷீர் என் முகத்தைப் பார்த்தார். "மேடம், நீங்க போடாம நான் போட மாட்டேன்" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக இன்றும் ரம்ஜானுக்கு அவர் வீட்டுக்குப் போகிறேன்.

திருத்தி அனுப்பினோம். அந்த இடத்தில் ‘நான் அடக்கப்பட்டு ஒடுங்கிப் போனேன்’ என்று பொருள்படும் ஆங்கிலத்தை எழுதினேன். வக்கீல் ஏற்கவில்லை. கட்டு பழையபடியே திரும்பி வந்தது. அடுத்த நாள் வைத்தியநாதன் சார் என்னைக் கூப்பிட்டார்.

"ஒக்காரும்மா அமலா. ஒரு வார்த்தைதானே. அகராதியில இருக்கு. போட்டுடேன்."

"சார், நீங்கதானே சித்தப்பாவை அங்கிள்னு விட மாட்டேன்னீங்க."

"அது சொத்து. இது என்ன, ஒரு சாயந்தரம். மேலேர்ந்து கேட்டுண்டே இருக்கா. அந்த வக்கீல் யாருன்னு ஒனக்குத் தெரியும்."

"கடைக்காரங்களுக்கும் அது ஒரு சாயந்தரம்தான் சார். உள்ளே இருந்தவங்களுக்குத்தான் தெரியும் எவ்வளவு நேரம்னு."

அவர் பிளாஸ்க் மூடியைத் திருகித் திருகித் திறந்தார். எனக்கும் ஒரு டம்ளர் ஊற்றினார். "அடுத்து இந்த நாற்காலி ஒனக்குத்தான். நான் எழுதியாச்சு. பணிவு, அடக்கம் எல்லாம் போட்டு எழுதியிருக்கேன். இந்த நேரத்துல எதுக்கு வம்பு?"

காபியை நான் குடித்தேன். கையெழுத்துப் போடவில்லை.

இரண்டு கையெழுத்தும் இல்லாமல் கட்டு நகராது. ஒரு வாரம் கழித்து உண்மையாகவே மேலே இருந்து அழைப்பு வந்தது. நிர்வாக அதிகாரி ஒருவர். வைத்தியநாதன் சாரும் கூட வந்து கதவோரம் நின்றார். அதிகாரி மரியாதையானவர்தான், அவசரத்தில் இருந்தார்.

"மேடம், உங்க ஒரு ஆளால ஒரு விசாரணை தள்ளிப் போகுது. அடங்கறதுன்னா கீழ்ப்படியறதுதானே. இணங்கறது. இதுல என்ன தப்பு?"

"இணங்கறது வேற சார். அதுக்குள்ள ‘இணை’ இருக்கு. ரெண்டு பேர் பக்கத்துல பக்கத்துல நிக்கறாங்க, ஒருத்தர் சொல்றதுக்கு இன்னொருத்தர் சரிங்கறாங்க. அடங்கறதுல யாரும் பக்கத்துல நிக்கறதில்ல. முடங்கினான்னா யாரோ எதுவோ முடக்கியிருக்கு. ஒடுங்கினான்னா ஒடுக்கியிருக்கு. அடங்கினாங்கன்னா அடக்கியிருக்காங்க. அந்தச் சொல்லு மேல ஒரு கை இருக்கு சார். ‘கம்ப்ளைடு’ல அந்தக் கை தெரியல."

"வேர்ச்சொல்லெல்லாம் ஜட்ஜ் கேக்கப் போறதில்ல."

"சரி, வேரை விடுங்க. அவங்க அடங்கினேன்னு சொல்லல. அடங்கிப் போனேன்னு சொல்லியிருக்காங்க. கண்ணாடி உடைஞ்சு போச்சு. பால் திரிஞ்சு போச்சு. நான் பயந்து போனேன். இந்தப் ‘போ’ எங்க வருது பாருங்க. நம்ம கையை மீறி நடந்ததுக்கு வருது. நாமளா செஞ்சா ‘கொள்’ வரும். ஒத்துக்கிட்டேன், ஏத்துக்கிட்டேன். அவங்க ‘கொள்’ சொல்லல, ‘போ’ சொன்னாங்க. எழுதப் படிக்கத் தெரியாதவங்க கூட இதை மாத்திச் சொல்ல மாட்டாங்க."

அதிகாரி நாற்காலியில் சாய்ந்தார். அவரும் தமிழர்தான், சொல்வது காதில் விழாமல் இல்லை. ஒரு கணம் யோசித்துவிட்டு, "அப்ப அனுசரிச்சுப் போறதுன்னு சொல்றோமே? விட்டுக் கொடுத்துப் போறது? அதுலயும்தான் ‘போ’ வருது. அதெல்லாம் விருப்பத்தோட செய்யறதுதானே?" என்றார்.

நல்ல கேள்வி. இன்றைக்கும் அதை மதிக்கிறேன்.

"யார்கிட்ட அதைச் சொல்றோம்னு பாருங்க சார். முதலாளியை அனுசரிச்சுப் போங்கன்னு யாராவது சொல்லியிருக்காங்களா? மாமியாரை? எப்பவும் மருமகளைத்தானே சொல்றோம்."

கதவோரம் நின்ற வைத்தியநாதன் சார் தரையைப் பார்த்தார். அதிகாரியின் குரல் மாறிவிட்டது. "சரி. கையெழுத்துப் போட மாட்டீங்கன்னா ஏன்னு எழுத்துல கொடுங்க. அது உங்க ஃபைலுக்கும் போகும், வழக்குக் கட்டோடயும் போகும். யோசிச்சுக்குங்க."

எழுத்தில் கேட்டால் பயப்படுவேன் என்று எதிர்பார்த்தார் என நினைக்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரே வேலை எழுதுவதுதான். அன்று மதியமே, இந்த வரிக்கு மட்டும் சான்றளிக்க இயலாது, காரணம் பின்வருமாறு என்று ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். பஷீரும் அதில் கையெழுத்துப் போட்டார். மற்ற பக்கங்களுக்குச் சான்று கொடுத்தோம். கட்டு மேலே போயிற்று.

விசாரணை அன்று விடுப்புப் போட்டுவிட்டுப் போனேன். போக வேண்டிய அவசியம் எதுவும் எனக்கு இல்லை. எங்கள் பிரிவில் யாரும் தான் மொழிபெயர்த்த வழக்கைப் பார்க்கப் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் வீட்டில் இருக்க முடியவில்லை.

கோர்ட் ஹாலில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் நீலப் புடவையில் ஒரு பெண், மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி. வழக்கு எண்ணைக் கூப்பிட்டதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்த விதத்தில் யார் என்று தெரிந்துவிட்டது. நான் என்னை அறிமுகம் செய்துகொள்ளவில்லை. அப்படிச் செய்யக் கூடாது.

பெரிய வக்கீல் ஆரம்பித்தார். எல்லாம் ஆங்கிலம். மல்லிகா அவர் வாயையும் நீதிபதியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் சாய்ந்தார்.

"இன்னாம்மா சொல்றாரு அவரு?"

வருடக்கணக்காகத் தமிழை ஆங்கிலமாக்கியவள் நான். அன்றுதான் முதல் தடவையாக எதிர்த்திசையில், அதுவும் ரகசியக் குரலில் மொழிபெயர்த்தேன். "நீங்களாவே அந்த ரூம்ல இருந்தீங்கன்னு சொல்றார்."

"நானாவா? சாவி அவன்கிட்ட கீது, நான் எங்க நானா இருக்கறது?"

நீதிபதி வடமாநிலத்துக்காரர். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு சொல்லுக்கு மட்டும் மொழிபெயர்ப்பாளர் சான்று தர மறுத்திருக்கிறார், அது என்ன சொல் என்று கேட்டார். வக்கீல் சிரித்த முகத்தோடு, அது கீழ்ப்படிதலைக் குறிக்கும், தமிழ்ப் பண்பாட்டில் மிக உயர்ந்த குணமாகப் போற்றப்படுவது என்று விளக்கினார். அரசு வக்கீல் இளைஞர், அவர் கையில் அன்று இருந்த பல கட்டுகளில் இது ஒன்று. அது வட்டாரப் பேச்சு, பொருள் சற்றுத் தெளிவில்லை என்றார்.

இதையும் மல்லிகாவுக்குச் சொன்னேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

"நான் சொன்ன வார்த்தக்கி இன்னா அர்த்தம்னா பேசிக்கினு கீறாங்க?"

"ஆமாம்."

"நான் இங்கதான கீறேன். என்ன கேட்டா சொல்ல மாட்டேனா?"

கொஞ்சம் உரக்கச் சொல்லிவிட்டார். வெள்ளுடையும் சிவப்புப் பட்டையுமாக நின்ற டவாலி வேகமாக வந்தார். "யம்மா, பேசக் கூடாது. பேசறதா இருந்தா வெளிய போங்க."

மல்லிகா பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். பழக்கம். வாயை மூடு என்றால் மூடிக்கொண்டு, போ என்றால் போய்விடுகிற பழக்கம் அவர் உடம்பில் இருந்தது. கடையில் அதைத்தானே கேட்டிருப்பார்கள். நான் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு எழுந்து நின்றேன்.

"இது இவங்க வழக்கு. இவங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. நான் சொல்லிக்கிட்டு இருக்கேன். அவங்களைப் பத்திப் பேசறது அவங்களுக்குத் தெரிய வேண்டாமா?"

ஹால் திரும்பிப் பார்த்தது. நீதிபதி என்னைப் பார்த்து, நீங்கள் யார் என்று ஆங்கிலத்தில் கேட்டார். அந்தச் சொல்லுக்குக் கையெழுத்துப் போடாத மொழிபெயர்ப்பாளர் நான்தான் என்றேன்.

பெரிய வக்கீல் ஆட்சேபித்தார். நீதிமன்ற ஊழியர், அழைக்கப்படாமல், பார்வையாளர் வரிசையிலிருந்து, என்று அடுக்கினார். எல்லாம் உண்மைதான். நீதிபதி அவரைக் கையமர்த்தினார். இந்த நிலையில் புதிதாக யாருடைய சாட்சியத்தையும் வாங்க முடியாது என்று அவர் தெளிவாகச் சொன்னார். ஆனால் பதிவில் இருப்பதைக் கேட்பதற்குத் தடையில்லை. முன்னால் வந்து, அந்த இடத்தை மூலத்தில் படித்து, வரிக்கு வரி ஆங்கிலத்தில் சொல்லுங்கள் என்றார்.

முன்னால் போனேன். கட்டைக் கொடுத்தார்கள். பஷீரைப் போலவே படித்தேன், எதையும் கூட்டாமல்.

"கதவ சாத்தி சாவிய பாக்கெட்ல போட்டுக்கினாரு. தண்ணி கேட்டேன், தரல. மொதல்ல கத்தினேன். வெளிய ஆளுங்க நடக்கற சத்தம் கேட்டுச்சி, யாரும் தொறக்கல. இன்னொரு தபா கத்தினா ஒன் ஊட்டாண்ட ஆள் அனுப்பி திருடின்னு சொல்லிடுவேன்னாரு. அப்பால அடங்கிப் பூட்டேன்."

ஒவ்வொரு வரிக்கும் ஆங்கிலம் சொன்னேன். கடைசி வரிக்கு வந்ததும் நிறுத்தினேன். நீதிபதி, அதாவது அவர் சத்தம் போடுவதை நிறுத்தினார், அப்படித்தானே என்றார். இல்லை, நிறுத்தவைக்கப்பட்டார், என்றேன். அவர் சொன்ன வினையில் அவருடைய விருப்பம் இல்லை. தமிழில் அது அந்தச் சொல்லிலேயே தெரிகிறது, உங்கள் மொழிபெயர்ப்பில் தெரியவில்லை என்றேன். ‘உங்கள்’ என்று நான் சொன்னது வக்கீலைப் பார்த்து.

என் இடத்துக்குத் திரும்பியபோது மல்லிகா வாயைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டிருந்தார். அழுகிறார் என்று நினைத்தேன். அழவில்லை. தான் சொன்னது அந்தப் பெரிய ஹாலில் அப்படியே ஒலித்ததைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

நீதிபதி அங்கேயே உத்தரவைச் சொல்ல ஆரம்பித்தார், சுருக்கெழுத்தாளர் எழுதிக்கொண்டார். நான் மல்லிகாவின் காதில் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். டவாலி இந்தத் தடவை வரவில்லை. அந்தச் சொல் வந்த இடத்தில் நீதிபதி ஆங்கிலம் போடவில்லை. என்னைப் பார்த்து உச்சரிக்கச் சொல்லி, தமிழ்ச் சொல்லையே ஆங்கில எழுத்தில் எழுதச் சொன்னார். பூட்டிய அறைக்குள் மிரட்டலுக்குப் பின் ஒருவர் மௌனமானதைச் சம்மதம் என்று கொள்ள முடியாது, மனு தள்ளுபடி, தண்டனை நிற்கிறது என்றார்.

"தள்ளுபடின்னா யாருக்கு?" என்றார் மல்லிகா.

"அவருக்கு. நீங்க ஜெயிச்சிட்டீங்க."

வெளியே தாழ்வாரத்தில் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அங்க கீழ்க் கோர்ட்ல நான் சொல்லச் சொல்ல சீக்கிரம் சீக்கிரம்னாங்க. இவ்ளோ நிதானமா யாரும் கேக்கலம்மா. நீங்க வக்கீலா?"

"இல்ல. எழுதறவ. நீங்க சொன்னதை இங்கிலீஷ்ல மாத்தறவ."

"கவர்மென்ட் உத்யோகமா? எந்திரிச்சி அப்படிப் பேசிட்டீங்களே, எதனா ஆயிடாது?"

"ஆகும்."

"அப்பால?"

"ஆகட்டும்."

அவர் சத்தமாகச் சிரித்தார். அந்தத் தாழ்வாரத்தில் அப்படி யாரும் சிரிப்பதில்லை. வக்கீல்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் நிறுத்தவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று படியிறங்கிப் போனார். இப்போது சைதாப்பேட்டை மார்க்கெட் பக்கம் சொந்தமாகப் புடவைக்கு ஃபால்ஸ் அடித்துக் கொடுக்கிறார் என்று பிறகு கேள்விப்பட்டேன். நான் தேடிப் போகவில்லை.

ஆக வேண்டியது ஆயிற்று. விடுப்பில் இருக்கும் ஊழியர் அனுமதியின்றி நீதிமன்றத்தில் பேசியதற்கு விளக்கம் கேட்டார்கள். கொடுத்தேன், மன்னிப்புக் கேட்கவில்லை. என்னை மொழிபெயர்ப்புப் பிரிவிலிருந்து எடுத்து, நான் வேலையைத் தொடங்கிய நகல் பிரிவுக்கே அனுப்பினார்கள். வைத்தியநாதன் சாரின் நாற்காலி என்னைவிட இளையவர் ஒருவருக்குப் போயிற்று. ஓய்வு பெறும்வரை நகல்களைச் சரிபார்த்தேன். அதை ஒரு இழப்பு என்று பரிதாபப்பட்டவர்களிடம் எனக்குச் சலிப்புதான் வந்தது. எங்கள் பிரிவில் அந்தச் சொல்லை அதன்பின் யாரும் ‘கம்ப்ளைடு’ என்று போடவில்லை. பயத்தினாலோ, புரிந்ததினாலோ, எனக்குக் கவலையில்லை. கணினி போடுகிறது என்றால் கணினியையும் திருத்த வேண்டியதுதான். ஷர்மிளாவுக்கு நான் சொல்வது இதுதான்: உன் கையெழுத்து உன்னுடையது.

பிரிவை விட்டு நான் கிளம்பிய அன்று மேசையைக் காலி செய்துகொண்டிருந்தேன். பஷீர் அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டார். வைத்தியநாதன் சார் தன் இடத்திலிருந்து எழுந்து வந்தார். கையில் இரண்டு டம்ளர் காபி. ஒன்றை என் மேசையில் வைத்தார். அவருக்கும் என் மேல் கோபமில்லை; உண்மையாகவே வருத்தப்பட்டார், அது முகத்தில் தெரிந்தது.

"கெட்டிக்காரி நீ. ஒன்னை மாதிரி ஒரு கம்பேரர் இந்த செக்‌ஷனுக்கு இனிமே வரப் போறதில்ல" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கொஞ்சம் அடங்கிப் போயிருக்கலாமேம்மா" என்றார்.

"போயிருக்கலாம் சார்" என்றேன். "போகலை."